நனைந்தால் விறைக்கும் நூல்: குரோஷே ஸ்கிரப்பர் எப்படித் தேய்க்கிறது?

குரோஷே என்றால் கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் போடும் பின்னல். அதில் நான் முதன்முதலில் போட்ட குளியல் ஸ்கிரப்பர் (உடம்பு தேய்ப்பான்) பார்க்க அவ்வளவு அழகு. பருத்தி நூல், 3 மி.மீ. ஊசி, இடைவெளியே தெரியாத நெருக்கமான பின்னல். வாளியில் முக்கி எடுத்ததும் அட்டை மாதிரி விறைத்துவிட்டது. நுரையும் வரவில்லை. காய்ந்த நூலைத் தடவிப் பார்த்தே எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தேன், அதுதான் தப்பு.

பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ், அதாவது தாவர நார்ப்பொருள். அதன் மூலக்கூறு நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள்) இருக்கின்றன, தண்ணீரைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இழைக்கு உள்ளேயே போய் உட்கார்வதால் இழை பருக்கிறது, ஆனால் நீளம் அவ்வளவாகக் கூடுவதில்லை. நூல் பருத்தால் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியைச் சுற்றிவர வேண்டிய தூரம் அதிகமாகிறது. நீளம் அதேதான் என்பதால் கண்ணிகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. புதுக் காட்டன் சட்டை முதல் சலவையில் சுருங்குவதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. இப்போதெல்லாம் நூல் பருக்க இடம் விட்டு, அதே நூலுக்கு 4.5 அல்லது 5 மி.மீ. ஊசி எடுக்கிறேன். காய்ந்திருக்கும்போது கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும், இருக்கட்டும்.

பருத்திக்கு ஒரு நல்ல குணமும் உண்டு, ஈரமானால் அதன் வலு கூடும். ரேயான் நேர்மாறு, நனைந்தால் நைந்துபோகும். அக்ரிலிக் இழைக்குள் தண்ணீர் நுழைவதே அபூர்வம், அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். பாத்திரம் துலக்க சரி, உடம்புக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கொரியாவில் பாலியெஸ்டர் நூலில் குரோஷே போட்ட பாத்திரத் தேய்ப்பானை சுசெமி என்பார்கள். பீர்க்கு இனத்து நார்க்காய்க்கும் அங்கே அதே பெயர்தான். நம் வீட்டுப் பீர்க்கங்காய் நாரின் வேலையை அங்கே பின்னல் எடுத்துக்கொண்டிருக்கிறது!

சரி, ஸ்கிரப்பரில் மேடு பள்ளமாகப் பின்னுவது எதற்கு? பாப்கார்ன் தையலைப் பாருங்கள். ஒரே கண்ணியில் 5 டபுள் குரோஷே (சற்று உயரமான ஒரு தையல்) போட்டு, ஊசியை உருவி, முதல் டபுளின் தலையில் குத்தி, விட்டுவந்த கண்ணியை அதன் வழியே இழுத்தால் ஐந்தும் குவிந்து மொட்டாகப் புடைக்கும், பின்பக்கம் குழியாக இருக்கும். (இது அமெரிக்க டபுள். பிரிட்டிஷ் முறையில் அதற்கு டிரெபிள் என்று பெயர், இந்தக் குழப்பத்தில் ஒரு முழு நூல்கண்டைப் பிரித்திருக்கிறேன்.) தேய்க்கும்போது கையின் அழுத்தம் மொத்தப் பரப்புக்கும் பரவாமல் மொட்டுகளின் முனையில் இறங்குகிறது, அதனால் அதே பலத்துக்குத் தேய்ப்பு உறைக்கிறது. நடுவிலுள்ள பள்ளங்களில் சோப்புத் தண்ணீர் தங்குகிறது. அழுத்தினால் குழியில் இருக்கும் காற்று ஈர நூலிடுக்குகள் வழியே பிதுங்கிச் சின்னச் சின்னக் குமிழாக உடைகிறது, கையை விட்டால் மறுபடி காற்றை இழுத்துக்கொள்கிறது, துருத்தி மாதிரி. போர் தண்ணீரில் இவ்வளவு நுரை எதிர்பார்க்காதீர்கள். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும், நூலிலும் ஒட்டும்.

இத்தனையும் உரசுவது எதை? தோலின் மேலே இருக்கும் இறந்த செல் அடுக்கை. உடம்பின் பெரும்பகுதியில் அதன் தடிமன் சுமார் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உள்ளங்காலில் மட்டும் பல மடங்கு. அது தானாகவே உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும், நாம் கொஞ்சம் அவசரப்படுத்துகிறோம், அவ்வளவே. தினமும் அழுத்தித் தேய்த்தால் கழுத்தெலும்பு, முதுகு, முழங்கை மாதிரி எலும்பு துருத்தும் இடங்களில் தோல் கருத்துப்போகும். தோல் மருத்துவர்கள் இதை ஃப்ரிக்‌ஷன் மெலனோசிஸ் (உரசலால் வரும் கருமை) என்பார்கள். அந்தக் கருப்பு போகட்டும் என்று இன்னும் பலமாகத் தேய்ப்பவர்களை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் காயவைப்பது. உதிர்ந்த செல்லும் ஈரமும் சேர்ந்தால் பாக்டீரியாவுக்கு விருந்து. பீர்க்கு நார் ஸ்பாஞ்சுகளில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து தோலுக்குத் தொற்றியதை 1994-லேயே ஓர் ஆய்வு காட்டியது. குரோஷேயில் வசதி என்னவென்றால் வெந்நீரில் துவைக்கலாம், ஓரத்தில் 15 செயின் (சங்கிலித் தையல்) போட்டு ஒரு வளையம் வைத்துவிட்டால் குழாயில் தொங்கவிடாமல் நேரே மொட்டைமாடிக் கொடிக்குக் கொண்டுபோகலாம்.