தாங்கியைப் பீரங்கி ஆக்காதீர்கள்

போன வாரம் நீலகிரியின் வெலிங்டன் பஜாரில் ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். டிவியில் எல்லைச் செய்தி. டி-90 டேங்க்குகள் வரிசையாகப் போகின்றன, கீழே "பீரங்கிகள் குவிப்பு" என்று எழுத்து ஓடுகிறது. பக்கத்தில் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "பீரங்கி அது மேல இருக்கு தம்பி. அது பீரங்கி இல்ல." இருபது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் டேங்க் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொன்னதோடு நிற்காமல், மேசையிலிருந்த தீப்பெட்டியைப் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு மூடியை வைத்து, மூடியிலிருந்து ஒரு குச்சியை நீட்டிக் காட்டினார். பெட்டி வண்டி, மூடி சுழலும் கூண்டு, குச்சிதான் பீரங்கி.

இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லிவிடாது. ஆனாலும் செய்தித்தாள், பாடநூல், போர் வரலாற்று மொழிபெயர்ப்பு என்று எங்கே பார்த்தாலும் குச்சியின் பெயரையே பெட்டிக்கு வைக்கிறோம்.

முதலில் டேங்க் என்ற சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குஜராத்தியிலும் மராட்டியிலும் நீர்த்தொட்டியைக் குறிக்கும் டாங்கி, டாங்கே போன்ற சொற்கள் உண்டு. போர்த்துக்கீசிய மொழியிலும் குளத்துக்கு இதே ஒலியில் ஒரு சொல் உண்டு. இரண்டும் கலந்து ஆங்கிலத்துக்குப் போனது டேங்க். நம் ஊர் ஏரி, குளங்களையெல்லாம் வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். சென்னை நுங்கம்பாக்கத்து டேங்க் பண்ட் ரோடு ஏரிக்கரைச் சாலைதான். அப்புறம் 1915-ல் பிரிட்டன் ஒரு கவசப் போர் வண்டியை ரகசியமாகச் செய்தது. இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம், மெசபடோமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பொய்யிலிருந்துதான் டேங்க் என்ற மறைபெயர் வந்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் வண்டி முதன்முதலாக இறங்கிய பிறகும் பெயர் மாறவில்லை.

அந்த முதல் வண்டியை வைத்தே பீரங்கி என்ற பெயர் பொருந்தாது என்று காட்டலாம். மார்க்-1 இரண்டு வகையாக வந்தது. 'ஆண்' வண்டியில் 57 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு. 'பெண்' வண்டியில் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும், பீரங்கியே கிடையாது. 1939-ல் போலந்துக்குள் நுழைந்த ஜெர்மானியரின் பான்சர்-1 வண்டியிலும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள்தான். பீரங்கி இல்லாத வண்டியைப் பீரங்கி என்றோ பீரங்கி வண்டி என்றோ எப்படி எழுதுவது? பான்சர் என்ற ஜெர்மன் சொல்லுக்குக் கவசம் என்று பொருள். போலந்துக்காரர்கள் ஊர்ந்து போவதைக் குறிக்கும் வினையிலிருந்து ஒரு பெயர் அமைத்துக்கொண்டார்கள். ஸ்வீடன்காரர்களுக்கு அது போர் வண்டி. கவசம், ஊர்தல், வண்டி என்று ஆளுக்கொன்றைப் பிடித்தார்கள். நாம் பிடித்தது மேலே பொருத்தியிருக்கும் ஆயுதத்தை.

போதாததற்கு, பீரங்கியே அந்நியச் சொல். ஐரோப்பியரைக் குறிக்கும் ஃபிரங்கி என்ற பாரசீக வழக்கிலிருந்து வந்தது. தமிழுணர்வால் டேங்க்கை ஒதுக்கிவிட்டுப் பீரங்கி என்று எழுதுகிறேன் என்பவர்கள் ஒரு வெளிச்சொல்லைத் தள்ளி இன்னொன்றை உட்காரவைக்கிறார்கள், அதுவும் தவறான நாற்காலியில்.

'பீரங்கி வண்டி' என்றால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. அந்தப் பெயருக்கு உரியவர் வேறு ஒருவர் இருக்கிறார். நம் ராணுவத்தின் கே-9 வஜ்ரா தொலைதூரம் சுடும் பெரும் பீரங்கியைச் சுமந்து தானே ஓடுவது. அதுதான் பீரங்கி வண்டி, பீரங்கிப் படையைச் சேர்ந்தது. டேங்க் கவசப் படையின் வண்டி. படைகள் வேறு, பயிற்சி வேறு, பதவிப் பெயர்கூட வேறு. டீக்கடைப் பெரியவரை யாராவது ஹவில்தார் என்று கூப்பிட்டால், "ஹவில்தார் இல்ல, தஃபேதார்" என்று உடனே திருத்துவார். குதிரைப்படை வழியில் வந்தது கவசப் படை என்பதால் குதிரைப்படைப் பதவிப் பெயர் அங்கே நிலைத்துவிட்டது. அவரைப் பீரங்கிப் படை வீரர் என்று எழுதினால் அவருடைய பணிக்காலம் முழுவதையும் வேறொரு படையின் கணக்கில் எழுதியதாகிவிடும்.

குழப்பம் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். 1965 போரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அப்துல் ஹமீது, சுடும்போது பின்னுக்கு உதைக்காத 106 மில்லிமீட்டர் பின்னதிர்வற்ற பீரங்கியை ஜீப்பில் பொருத்திக்கொண்டு பாகிஸ்தானின் பாட்டன் டேங்க்குகளைத் தகர்த்தார். அங்கேயே உயிர்விட்டார், பரம்வீர் சக்கரம் பெற்றார். இந்த நிகழ்ச்சியை ஒரு மொழிபெயர்ப்பில் இப்படிப் படித்தேன்: "பீரங்கி பொருத்திய ஜீப்பில் சென்று எதிரியின் பீரங்கிகளைப் பீரங்கியால் அழித்தார்." கவசம் இல்லாத ஒரு திறந்த ஜீப், கவசம் பூண்ட வண்டிக்கு எதிரே போய் நின்றதுதான் அந்த வீரத்தின் உயிர். அதை ஒரே சொல் விழுங்கிவிட்டது. டேங்க்குகளைத் தகர்க்கும் நாக் ஏவுகணையைப் 'பீரங்கி எதிர்ப்பு ஏவுகணை' என்று எழுதுவதும் இதே பிழைதான். மொழிபெயர்ப்பவர் ஒரு முறை படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் போதும். முன்னால் எழுதியவர் எழுதியதையே எடுத்து ஒட்டுவதால்தான் இது தீராமல் ஓடுகிறது.

சரி, எந்தச் சொல்லை வைப்பது? 'கவச வாகனம்' பொதுப்பெயர். வீரர்களை ஏற்றிச்செல்லும் வண்டியும் அதில் அடங்கிவிடும். 'தொட்டி' என்று நேராகப் பெயர்ப்பது கணினி செய்யும் வேலை. ஆவடியில் மக்கள் 'டேங்க் ஃபேக்டரி' என்கிறார்கள். பேச்சில் அது இருக்கட்டும். எழுத்தில் என் தேர்வு 'தாங்கி'. ஈழத்தமிழர் வழக்கில் ஏற்கெனவே இருக்கும் சொல் இது. கூரைமேல் இருப்பது தண்ணீர்த் தாங்கி, போரில் வருவது யுத்தத் தாங்கி. 'டாங்கி' என்பதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ட-வில் சொல் தொடங்காது என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் மரபு. தாங்கியில் ஒலியும் நெருங்கி வருகிறது, மரபும் கெடவில்லை, பொருளும் கிடைக்கிறது. சுமைதாங்கி, விமானந்தாங்கி என்று நமக்குப் பழகிய தாங்கிதான். தண்ணீர் சுமக்கும் வண்டி என்று லிங்கனில் சொன்ன பொய்க்குக்கூட இது பொருந்துகிறது.

எனக்கு இதில் இத்தனை அக்கறை வந்ததற்கு ஜோஜி லா ஒரு காரணம். காஷ்மீரில் 3,500 மீட்டருக்கு மேல் உள்ள கணவாய் அது. நம் தொட்டபெட்டா உச்சியிலிருந்து இன்னும் 900 மீட்டர் ஏறவேண்டும். பாகிஸ்தானுடன் நடந்த போரில், 1948-ல் அங்கே நம் காலாட்படை முயன்று முடியாமல் நின்றபோது, ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸ் படையினர் பாறையை உடைத்துப் பாதை போட்டார்கள். 1784-ல் சென்னை மாகாணக் குதிரைப்படையாகத் தொடங்கிய 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் வண்டிகள் நவம்பர் 1 அன்று அந்தப் பாதையில் ஏறின. அவ்வளவு உயரத்துக்கு இப்படி ஒன்று வரும் என்று எதிரி நினைத்திருக்கவில்லை. பதுங்குகுழிகளை விட்டு ஓடினான். 'பீரங்கிகளைக் கொண்டுசென்று வென்றார்கள்' என்று இதைத் தமிழில் எழுதினால், படிக்கும் பிள்ளைக்கு என்ன புரியும்? பீரங்கிகள் அந்தப் போர்முனையில் அதற்கு முன்பே சுட்டுக்கொண்டுதான் இருந்தன. அன்றைக்குப் புதிதாக மலையேறி வந்தவை தாங்கிகள்.