இடக்கண் படத்தில் முத்திரை, வலக்கண் படத்தில் திருட்டு

ஸ்டீரியோ படங்களுக்கு, அதாவது 3டியில் பார்க்க இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என ஜோடியாக வரும் படங்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் (படம் யாருடையது என்று காட்டும் குறி) போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களில் பலர், ஜோடியில் ஒரு படத்துக்குப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். திருடுகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன? இடக்கண் படத்தில் குறி இருந்தால், வலக்கண் படத்தை வெட்டியெடுத்து சாதாரண போட்டோவாகப் போட்டுவிடுவான்.

சரி, இரண்டிலும் போடலாம். ஆனால் எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாட்டர்மார்க் என்பது பிக்சல் மதிப்புகளில் செய்கிற மிகச் சிறிய ஏற்ற இறக்கம். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. இரண்டு படங்களிலும் வெவ்வேறு விதமாகப் பதித்தால், 3டியில் பார்க்கும்போது வானம், வெற்றுச் சுவர் போன்ற இடங்களில் ஒரு மினுமினுப்பு தட்டி கண்ணை உறுத்தும். அதற்காக இரண்டிலும் அதே இடத்தில் அதே குறியைப் பதித்தால், அது திரையின் தளத்தில் மெல்லிய அழுக்குபோல நிற்கும், காட்சி அதற்குப் பின்னால் போய்விடும். இரு கண்களுக்கும் இடையே ஒரு பொருள் எவ்வளவு நகர்கிறதோ, குறியும் அதே அளவு நகர வேண்டும். அப்போதுதான் அது பொருளோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, நீல நிறம். கண் நீலத்தில் நடக்கிற மாற்றத்தை அதிகம் கவனிக்காது என்பதால் சில மென்பொருள்கள் அங்கேதான் குறியை ஒளித்து வைக்கும். யாராவது உங்கள் ஜோடியை சிவப்பு-சயான் அனக்லிஃப்பாக (இரு நிறக் கண்ணாடி போட்டு 3டியில் பார்க்கும் ஒற்றைப் படமாக) மாற்றினால், இடக்கண் படத்திலிருந்து சிவப்பு மட்டும்தான் எடுக்கப்படும், நீலத்தோடு அந்தப் படத்தின் குறியும் போயிற்று. போதாக்குறைக்கு ஜேபெக் வேறு நிற விவரங்களைச் சுருக்கிவிடும். நிறத்தில் இல்லாமல் ஒளிர்வில், நடு அதிர்வெண்களில் (மிக நுணுக்கமாகவும் இல்லாத, மிகப் பரவலாகவும் இல்லாத ஏற்ற இறக்கங்களில்) பதிப்பதே என் தேர்வு. பிக்சல் மதிப்பின் கடைசி பிட்டில் (மதிப்பை ஒன்றே ஒன்று மட்டும் மாற்றும் இலக்கத்தில்) ஒளிப்பதெல்லாம் ஒருமுறை ஜேபெக்காகச் சேமித்தாலே காணாமல் போகும்.

வெளியிடுவதற்கு முன் நீங்களே திருடிப் பாருங்கள். ஒரு கண் படத்தை மட்டும் வெட்டுங்கள், அளவைக் குறையுங்கள், தரத்தைக் குறைத்துச் சேமியுங்கள், அனக்லிஃப் ஆக்குங்கள். ஒவ்வொன்றிலும் குறி படிக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆழ வரைபடத்தை (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற விவரத்தை) வைத்துப் புதிய கோணத்தை உருவாக்கினால் பிக்சல்கள் பக்கவாட்டில் இடம் மாறும், பல குறிகள் தோற்பது அங்கேதான்.

அப்புறம், குறி ஒரு சாட்சி மட்டுமே. உங்கள் படத்தின்மேல் திருடியவனும் தன் குறியைப் பதித்துவிட்டு 'என்னுடையது' என்று சொல்ல முடியும். பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டுதான், ஆனால் யார் முதலில் எடுத்தது என்று காட்ட, வெளியே தராத மூலக் கோப்பும் தேதியோடு கூடிய பதிவும் கையில் இருக்க வேண்டும். குறியைப் பதித்த ரகசியச் சாவியைப் படங்களோடு ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள். சாவி தொலைந்தால் உங்கள் குறியை உங்களாலேயே படிக்க முடியாது.