சீழ்க்கட்டுக்குக் குளிசை மட்டும் ஏன் போதாது?

தொடையிலோ கக்கத்திலோ முதுகிலோ சிதல் வைத்த கட்டோடு பிரதேச வைத்தியசாலைக்கு வருகின்ற பலர், அதற்கு முன்பே சில நாட்களுக்குரிய குளிசைகளை விழுங்கி முடித்திருப்பார்கள். அவை பார்மசியில் கேட்டு வாங்கியவையாகவோ, வீட்டில் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டு மிஞ்சியவையாகவோ இருக்கும். கட்டோ வற்றாமல், முன்னிலும் பெருத்து, தொடவிடாமல் தெறித்துக்கொண்டிருக்கும். கொடுத்த மருந்து பிழையென்றே நோயாளி எண்ணுகிறார். ஆனால் மருந்து சரியானதாக இருந்தாலும் கட்டு ஆறாமல் இருக்க முடியும், ஏனெனில் அது போய்ச் சேரவேண்டிய இடத்தைச் சுற்றி உடலே ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது.

பெரும்பாலான தோற்கட்டுகளுக்குக் காரணம் ஸ்ரெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பக்ரீரியா ஆகும். 1880ஆம் ஆண்டில், ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த அலெக்சாண்டர் ஒக்ஸ்ரன், கட்டுகளிலிருந்து எடுத்த சீழை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதில் குலைகுலையாகத் திரண்டிருந்த உருண்டை வடிவக் கிருமிகளைக் கண்டறிந்தார். இந்தக் கிருமி எங்கோ தொலைவிலிருந்து வருவதன்று. நோயில்லாத மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் மூக்கினுள்ளே அது எந்தத் தொல்லையும் செய்யாமல் வாழ்கிறது. பனங்கருக்குக் கீறிய கீறல், வேலி அடைக்கும்போது ஏறிய முள், சொறிந்து புண்ணாக்கிய நுளம்புக்கடி, வியர்வையில் ஊறி உராய்ந்த மயிர்க்கால் ஆகிய எதுவும் அதற்கு வாசலாகிவிடலாம்.

தோலின் கீழே நுழைந்த கிருமி பெருகத் தொடங்கியதும், அங்குள்ள கலங்கள் வெளிவிடும் இரசாயன சமிக்ஞைகளைப் பின்தொடர்ந்து, நியூத்திரோபில்கள் எனப்படும் வெண்குழியங்கள் குருதிக் கலன்களின் சுவரைக் கடந்து அவ்விடத்துக்குத் திரண்டு வருகின்றன. கலன்கள் விரிவதால் அந்த இடம் சிவந்து சூடாகிறது. அவற்றிலிருந்து கசியும் பாயத்தால் வீங்குகிறது. நியூத்திரோபில்கள் கிருமிகளை விழுங்குகின்றன, நொதியங்களைப் பொழிகின்றன, தம்முடைய டி.என்.ஏ. இழைகளையே வலையாக வீசிக் கிருமிகளைச் சிக்கவைக்கின்றன. கிருமியும் சும்மா இருப்பதில்லை. வெண்குழியங்களைத் துளைத்துக் கொல்லும் நஞ்சுகளை அது சுரக்கிறது. இந்தப் போரில் இறந்த வெண்குழியங்களும், நொதியங்களால் கரைந்துபோன இழையமும், செத்ததும் உயிரோடு இருப்பதுமான கிருமிகளும் சேர்ந்த கூழே சீழ்.

இதனிடையே சுவரும் எழும்புகிறது. குருதியிலுள்ள பைபிரினோஜன் என்னும் புரதம் பைபிரின் நாராக மாறி, சீழைச் சுற்றி ஒரு வேலியாகப் படிகிறது. நாட்கள் செல்ல அது தடித்த உறையாகிறது. கிருமி உடலெங்கும் பரவாமல் தடுப்பது இந்த உறைதான் என்பதால் அதனைக் குறையாகக் கருத முடியாது. ஆயினும் உறைக்குள்ளே குருதிக் கலன் எதுவும் இல்லை. விழுங்கிய குளிசை குருதி வழியேதான் பயணம் செய்கிறது. குருதி செல்லாத குழிக்குள் அது மிகக் குறைவாகவே ஊடுருவுகிறது. ஊடுருவிய சிறிதளவும் அங்கே முழுமையாக வேலை செய்வதில்லை. உள்ளே ஒட்சிசன் குறைவு, அமிலத்தன்மை அதிகம். அங்கே கிருமிகள் மெதுவாகவே பிரிந்து பெருகுகின்றன. குளொக்சசிலின் போன்ற மருந்துகளோ, கிருமி பெருகுவதற்காகப் புதிய கலச்சுவரைக் கட்டும்போதே அதனைத் தாக்குபவை. கட்டாத சுவரை அவற்றால் குலைக்க முடியாது.

உள்ளே சீழ் கூடக்கூட அழுத்தம் ஏறுகிறது. இரவில் நித்திரை கொள்ளவிடாத தெறிப்பு வலி இந்த அழுத்தத்தால் வருவதே. மாரி வெள்ளத்தில் நிறைந்த குளம் தன் அணையின் மிக மெலிந்த இடத்தைத் தேடி உடைப்பெடுப்பதைப் போல, சீழும் எதிர்ப்புக் குறைந்த பக்கமாகத் தள்ளி, அங்கே தோலை மெலியச்செய்து கண் வைக்கிறது. கண் வெளிப்புறமாக வைத்தால் நல்லது. விரலிலும் உள்ளங்கையிலும் குதத்தைச் சுற்றியும் வரும் கட்டுகளில் அது உள்நோக்கித் திரும்பி, தசைநாண் உறைகளுக்குள்ளோ ஆழமான இழையங்களுக்குள்ளோ புகுந்துவிடக்கூடும். அவ்விடங்களில் கண் வைக்கும்வரை காத்திருப்பது ஆபத்தானது.

ஆகவே, சீழ் திரண்ட கட்டுக்கு முதன்மையான மருத்துவம் அதைக் கீறி வெளியேற்றுவதே. விறைப்பூசியான லிக்னொகேயின் அமிலத்தன்மையுள்ள இழையத்தில் சரிவரச் செயற்படாது என்பதால், அது கட்டின் நடுவில் அன்றி, சுற்றியுள்ள நல்ல தோலில் ஏற்றப்படுகிறது. அப்போதும் சிறிது நோகத்தான் செய்யும். அதைச் சொல்லாமல் மறைப்பதைவிட முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்வது நல்லது என்பது என் கருத்து. போதிய நீளத்துக்குக் கீறி, உள்ளே அறையறையாகப் பிரிந்திருந்தால் அந்தத் தடுப்புகளையும் உடைத்து, சீழ் முழுவதையும் எடுக்கிறார்கள். பின்னர் காயத்தைத் தைத்து மூடுவதில்லை. மேல்தோல் முதலில் ஒட்டிவிட்டால் உள்ளே மீண்டும் சீழ் சேரும் என்பதால், அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும்வரை திறந்தபடி விட்டு மருந்து கட்டுகிறார்கள். முள் குத்தி வந்த கட்டாயின் உள்ளே முள் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதும், ஏற்பு ஊசி எப்போது போடப்பட்டது என்று கேட்பதும் இந்த வேளையில்தான்.

இதனால் குளிசை வீண் என்று ஆகிவிடாது. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டுகளைக் கொண்ட 786 பேருக்குக் கட்டைக் கீறிய பின், சிலருக்கு நுண்ணுயிர்க்கொல்லியும் சிலருக்கு மருந்தற்ற வெற்றுக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்றுக் குளிசை பெற்றவர்களில் ஏறத்தாழ 69 வீதத்தினர் குணமடைந்தனர். மருந்து பெற்றவர்களில் இது 82, 83 வீதமாக இருந்தது. கீறியதே பெரும்பங்கு வேலையைச் செய்தது, மருந்து அதற்குத் துணைநின்றது. காய்ச்சல், கட்டைச் சுற்றிப் பரவும் சிவப்பு, பல இடங்களில் கட்டு, நீரிழிவு போன்றவை இருந்தால் அந்தத் துணை கட்டாயமாகிறது.

சீழ் திரளும் முன், கல்லுப்போல இறுகிச் சிவந்திருக்கும் ஆரம்ப நிலையில், சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்து ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை. சிறிய கட்டுகள் அதனாலேயே அடங்கிவிடுவதும் உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசும் வழக்கத்தை அவ்வாறு ஏற்க முடியாது. சுண்ணாம்பின் காரம் ஏற்கெனவே நலிந்த தோலை எரித்துப் புண்ணை அகலமாக்குகிறது. பிதுக்குவது அதைவிடக் கேடானது; உறை கிழிந்து கிருமி சுற்றுப்புற இழையத்துக்குள் தள்ளப்படுகிறது. மூக்கிலும் மேலுதட்டிலும் உள்ள நாளங்கள் மூளையடியில் உள்ள குருதிக் குழியோடு தொடர்புபட்டவை என்பதால், அவ்விடத்துக் கட்டை எக்காரணம் கொண்டும் பிதுக்கக்கூடாது.

எல்லாக் கட்டும் கீறுவதற்குரியதுமன்று. கழுத்தில் சூடோ சிவப்போ இல்லாமல் மெல்ல வளரும் கட்டு காசநோயால் வந்ததாக இருக்கலாம். கவட்டில் நாடியோடு சேர்ந்து துடிக்கும் வீக்கம், நாடி விரிந்து உண்டானதாக இருக்கலாம். அதில் கத்தி பட்டால் உயிருக்கே ஆபத்து. வன்னியில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். யுத்தக் காலத்தில் உடலில் பாய்ந்த செல் துண்டு உள்ளேயே தங்கியிருக்க, பல ஆண்டுகள் கழித்து அதைச் சுற்றிச் சீழ் வைப்பது நிகழக்கூடியது. ஒரே இடத்தில் கட்டு திரும்பத் திரும்ப வந்தால், பழைய காயத்தைப் பற்றி நோயாளியே வாய்திறந்து வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்-றே படம் மீதியைக் காட்டும்.

நீரிழிவு உள்ளவரின் கட்டு வேறு கவனத்தைக் கேட்கிறது. குருதியில் குளுக்கோசு மிகும்போது நியூத்திரோபில்களின் நகர்வும் கிருமிகளைக் கொல்லும் ஆற்றலும் குறைகின்றன. பாதத்தின் நரம்புகள் மரத்துப்போயிருந்தால் முள் ஏறியதே தெரியாது. கட்டோடு வந்த வேளையிலேயே நீரிழிவு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

அத்தகைய ஒருவர் இரணைமடுவின் கீழோ வவுனிக்குளத்தின் கீழோ சேற்றில் இறங்கி வேலை செய்பவராகவும் இருந்தால், மெலியோய்டோசிஸ் என்னும் நோயையும் நினைக்க வேண்டும். ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் பேர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பக்ரீரியாவே இதற்குக் காரணம். 1912இல் ரங்கூனிலிருந்து இதனை முதன்முதல் விவரித்து எழுதியவர்கள் விற்மோரும் கிருஷ்ணசாமியும் ஆவர். இலங்கையின் பல மாகாணங்களில் இந்நோய் இனங்காணப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தை ஒட்டி இது கூடுகிறது. தோற்கட்டாகத் தொடங்கி ஈரலிலும் மண்ணீரலிலும் நுரையீரலிலும் சீழ் வைக்கச்செய்யும் இக்கிருமியைப் பெனிசிலினோ ஜென்ரமைசினோ பெரும்பாலும் அசைப்பதில்லை. ஆய்வுகூடத்திலும் இதனை வேறு கிருமியென்றோ, தற்செயலாகக் கலந்த மாசு என்றோ தவறாகக் கருதிவிட இடமுண்டு. எனவேதான் கீறி எடுத்த சீழை வெறுமனே துடைத்தெறியாமல் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதும், அனுப்பும் படிவத்தில் நோயாளி நெற்செய்கையாளர், நீரிழிவு உள்ளவர் என்று எழுதுவதும் மிக முக்கியமாகின்றன. உறுதியானால், குறைந்தது 10 முதல் 14 நாட்கள் நாளத்தினூடாக செவ்ராசிடைம் அல்லது மெரோபெனம் ஏற்றி, அதன்பின் 3 மாதமாவது கோட்ரைமொக்சசோல் குளிசை கொடுக்கிறார்கள். காயம் ஆறி, நோயாளி வயலுக்குத் திரும்பிய பின்னும் குளிசை தொடர வேண்டும். இடையில் நிறுத்தினால், கலங்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி பல மாதங்கள் கழித்தும் மீண்டும் கிளம்பும்.