ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ரால் கால் அடைப்பைக் கரைக்குமா?

காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது என்று சொன்னதும் சிலர் கேட்பார்கள்: "தினமும் கொஞ்சம் ரெட் ஒயின் குடித்தால் கரைந்துவிடுமாமே டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே குடிப்பவர்தான். நம் வாயால் ஒரு 'சரி' வர வேண்டும், அவ்வளவே.

1991இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, வெண்ணெயும் சீஸும் வெளுத்துக்கட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு ரெட் ஒயின் காரணமாக இருக்கலாம் என்றது. அமெரிக்காவில் ஒயின் விற்பனை எகிறியது. அடுத்த வருஷமே ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருப்பது தெரியவந்தது. பூஞ்சை தாக்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் திராட்சைத் தோல் தயாரிக்கும் பொருள் அது. தோலோடு சேர்த்துப் புளிக்கவைப்பதால் ரெட் ஒயினில் அதிகம், ஒயிட் ஒயினில் சொற்பம்.

ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் நன்றாகத்தான் வேலை செய்தது. சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு லிட்டர் ரெட் ஒயினில் சராசரியாக 2 மில்லிகிராம் இருந்தால் பெரிது. கடையில் விற்கும் 500 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் காப்ஸ்யூல் ஒன்றுக்கு ஈடாக 250 லிட்டர் குடிக்க வேண்டும்! உள்ளே போவதையும் குடலும் கல்லீரலும் சேர்ந்து வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. மாறாமல் ரத்தத்தில் மிஞ்சுவது மிகக் குறைவு.

ஒயினுக்குப் பேர்போன இத்தாலியின் கியான்டி பகுதியில், 65 வயது தாண்டிய 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் மாறிய பொருட்களை அளந்து ஒன்பது வருஷம் கவனித்தார்கள். அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்போ மரணமோ குறையவில்லை. நம் விஷயமான கால் அடைப்புக்கே சோதனை நடந்திருக்கிறது: 2017இல் வெளியானது, 66 நோயாளிகள், ஆறு மாதம். 125 மில்லிகிராம் எடுத்தவர்கள் ஆறு நிமிஷ நடையில் சில மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். 500 எடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை. மருந்து உண்மையிலேயே வேலை செய்தால் பொதுவாக இப்படித் தலைகீழாக வராது.

ஒயினைவிட எனக்குக் கவலை இந்தக் காப்ஸ்யூல்கள்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் ஒரு அம்மாவுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) திடீரென்று ஏறியிருந்தது. கையில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. சாப்பிடும் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னேன். மஞ்சப்பையின் அடியில் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ரெஸ்வெரட்ரால் பாட்டில். "அது மருந்தில்லையே, திராட்சைச் சத்துதானே" என்றார். வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இது மந்தமாக்கக்கூடும். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதையும் குறைக்கலாம். நிறுத்தச் சொல்லி மறுபடி ரத்தம் பார்த்தோம். தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர்களும் இதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம் எதுதான் உதவும்? புகையை விடுவது, சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருப்பது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, நடை. நடை என்றதும் "நடந்தால்தானே வலிக்குது?" என்பார்கள். கெண்டைக்கால் ஓரளவு நன்றாக வலிக்கும்வரை நடங்கள், நில்லுங்கள், வலி போனதும் மறுபடி நடங்கள். நின்ற நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 நிமிஷம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். படுத்திருக்கும்போதே கால் வலிப்பவர்களும் விரலில் ஆறாத புண் உள்ளவர்களும் இதை ஆரம்பிக்காமல் உடனே ரத்தக்குழாய் மருத்துவரைப் பாருங்கள்.