ஏரி ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது: கணினியில் களப்பயணம் நடத்தும் ஆசிரியர்களுக்கு

சென்ற மழைக்காலத்தில் புறநகர்ப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவர்களின் களப்பயண அறிக்கைகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அழைத்திருந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்து ஏரியைப் பற்றிய அறிக்கை. ஏறக்குறைய எல்லா நோட்டுகளிலும் ஒரே செய்தி: ஏரி வறண்டு கிடக்கிறது, நடுவில் குட்டைபோலக் கொஞ்சம் தண்ணீர், கிழக்குக் கரையோரம் பசும்புல்வெளி. மாடியில் நின்று பார்த்தாலே தெரிகிற அந்த ஏரி அன்று நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் யாரும் கரைப்பக்கம் போகவில்லை. ஸ்மார்ட் வகுப்பறையில் கூகுள் எர்த்தைத் திறந்து, திரையில் கண்டதை எழுதியிருக்கிறார்கள். படத்தின் அடியில் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மே மாதத் தேதி இருந்தது. கேட்டபோது ஆசிரியர் சொன்னார்: "செயற்கைக்கோள் நேரடியாகக் காட்டுவது தப்பாகவா இருக்கும், சார்?"

இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை.

முதலில், இந்தத் தவறான எண்ணத்தை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். கூகுள் எர்த்தோ, நம் இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் என்ற வரைபடத் தளமோ எதுவும் நேரலை அல்ல. நீங்கள் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரிகிற கூரையும் மரமும் எப்போதோ ஒரு நாள், ஏதோ ஒரு மணியில் எடுக்கப்பட்ட படம். பக்கத்துத் தெரு வேறொரு நாளில் எடுத்ததாக இருக்கலாம். ஒரே ஏரியின் வடபாதி ஒரு கோடையிலும் தென்பாதி அடுத்த ஆண்டின் தை மாதத்திலும் எடுக்கப்பட்டு, நடுவில் ஒட்டப்பட்டிருப்பதை நானே வகுப்பில் காட்டியிருக்கிறேன். தண்ணீரின் நிறம் ஒரு நேர்க்கோட்டில் மாறும், கவனித்தால் தெரியும்.

செய்திகளில் புயலைக் காட்டுகிறார்களே, அது கிட்டத்தட்ட அந்த நேரத்துப் படம்தானே என்று உடனே கேட்பார்கள். உண்மைதான். அந்தப் படத்தை எடுக்கும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபடி நாடு முழுவதையும் அரை மணிக்கு ஒரு முறை பார்க்கிறது. ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளியே ஒரு கிலோமீட்டர் அளவு. உங்கள் ஊர் ஏரி அதில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் இரண்டும் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இரண்டையும் சேர்த்தால் எட்டு நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வருகின்றன. அவற்றின் வண்ணப் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். வீடும் காரும் தெரியும் அளவுக்குத் துல்லியமான படங்களை வேறு செயற்கைக்கோள்களும், பல நகரங்களில் விமானங்களும் எடுக்கின்றன. அவை எல்லா இடத்தையும் எல்லா நாளும் எடுப்பதில்லை. அடிக்கடி பார்க்கும் கண் உற்றுப் பார்ப்பதில்லை. உற்றுப் பார்க்கும் கண் அடிக்கடி பார்ப்பதில்லை. இதை ஆசிரியர் புரிந்துகொண்டால் போதும், "இப்போது நான் கையாட்டினால் தெரியுமா?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லிவிடலாம்.

இதைவிட நுட்பமான இன்னொரு சிக்கல் உண்டு. மேகம் மறைத்த படத்தால் பயனில்லை என்பதால், மேகமில்லாத நாளின் படங்களையே தேர்ந்தெடுத்துக் கோக்கிறார்கள். அதனால் நம் பகுதிக்குப் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரையிலான படங்களே வந்து அமைகின்றன. நமக்கு மழை தருகிற ஐப்பசியும் கார்த்திகையும் கூகுள் எர்த் காட்டும் அந்த பூமி உருண்டையில் அநேகமாகக் கிடையாது. வடகிழக்குப் பருவமழையைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, அந்த மழையே விழாத ஒரு பூமியைத் திரையில் காட்டுகிறோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் எப்படிப் போனது என்பதைச் சென்னை மறக்கவில்லை. அதே செம்பரம்பாக்கமும் புழலும் 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்தன. இந்த இரண்டில் எந்த நாளின் படத்தைப் பார்த்து "ஏரி இப்படித்தான் இருக்கிறது" என்று பிள்ளை எழுத வேண்டும்?

அந்த "பசும்புல்வெளி" விஷயத்துக்கு வருகிறேன். அது ஆகாயத்தாமரை. சாக்கடை கலந்த ஏரியில் செழித்து, நீரை மூடிக் கிடக்கும் செடி. மேலிருந்து பார்த்தால் அழகான பச்சை. சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயும் மேலிருந்து பச்சைதான். நிறத்தை வைத்து வளம் என்று எழுதிவிட்டார்கள் பிள்ளைகள். கரையில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் மூக்கே உண்மையைச் சொல்லியிருக்கும். மதகு அடைத்துக்கொண்டிருப்பதும், வரத்துக்கால்வாயின் மேல் கட்டடம் நிற்பதும், மீன் பிடிப்பவர் எந்த மூலைக்குப் போகாமல் ஒதுங்குகிறார் என்பதும் எந்தத் திரையிலும் வராது.

கடலடியும் அப்படித்தான். 2009இல் கூகுள் எர்த்தில் கடல் பகுதி சேர்க்கப்பட்டபோது, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் தரையில் தெருக்கள்போல நேர்க்கோடுகள் தெரிந்தன. மூழ்கிய அட்லாண்டிஸ் நகரம் கண்டுபிடிக்கப்பட்டது என்று உலகம் முழுவதும் செய்தி பரவியது. உண்மையில் அவை ஆழம் அளக்கும் கப்பல்கள் சென்ற தடங்கள். கப்பல் போன கோட்டில் அளவு துல்லியமாகவும், போகாத இடத்தில் மழுங்கியும் இருந்ததால் வந்த தோற்றம். நம் வகுப்புகளில் கன்னியாகுமரிக்குத் தெற்கே விரல் வைத்து, "மூழ்கிய குமரிக்கண்டம் இதுதானா?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்ததை ஆசிரியரே ஆமோதிப்பதும் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கடலடிப் படம் எப்படி உருவாகிறது என்று விளக்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

அப்படியானால் இந்த உருண்டை எதற்கு என்று கேட்டால், எனக்குப் பெரிய பட்டியலே உண்டு. நடந்தோ பஸ்ஸிலோ போய்ப் பார்க்கக்கூடியதற்கு இது வேண்டாம். நேரில் போனாலும் கண்ணுக்கு அகப்படாத அளவு பெரியதற்கும், காலத்தில் நீண்டதற்கும் இதை விட்டால் வேறு கருவி இல்லை.

காவிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 800 கிலோமீட்டர். எந்தப் பள்ளியும் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. உருண்டையில் போகலாம். குடகு மலை, சிவசமுத்திரம், ஒகேனக்கல், 1934இல் கட்டிமுடித்த மேட்டூர் அணை, ஆறு இரண்டாகும் முக்கொம்பு, கல்லணை, பிறகு விசிறிபோல விரியும் வாய்க்கால்கள், கடைசியில் கடலுக்குள் ஒடுங்கிப் போகும் சிற்றோடை. இவ்வளவு பெரிய ஆறு கடலைச் சேரும் இடத்தில் ஏன் இவ்வளவு சிறுத்திருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்கும் வரை ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் டெல்டாவைப் பற்றி நீங்கள் நடத்த வேண்டியதில் பாதி முடிந்தது.

பாலக்காட்டுக் கணவாய் இன்னொன்று. கூகுள் எர்த் புரோவில் (2015 முதல் இலவசம்) கணவாய்க்கு வடக்கே இருக்கும் தொட்டபெட்டா சிகரத்திலிருந்து தெற்கே இருக்கும் ஆனைமுடிச் சிகரத்துக்கு ஒரு கோடு போட்டு, உயர வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய 140 கிலோமீட்டர் கோடு. 2,637 மீட்டரில் தொடங்கி, நடுவில் 300 மீட்டருக்கும் கீழே விழுந்து, மறுபடி 2,695 மீட்டருக்கு ஏறும். தென்மேற்குப் பருவக்காற்று ஏன் அந்த வாசலில் புகுந்து வருகிறது, உடுமலைப் பக்கம் ஏன் அத்தனை காற்றாலைகள் என்பதெல்லாம் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. பிறகு காற்றாலை ஒன்றைப் பெரிதாக்கி, அதன் நிழல் எந்தத் திசையில் விழுகிறது, எனவே படம் காலையில் எடுத்ததா மாலையில் எடுத்ததா என்று கேளுங்கள். பின் பெஞ்சு வரை எழுந்து நிற்கும்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பழைய படங்களின் வரிசையைத் திறங்கள். ஒவ்வொரு படத்திலும் சதுப்பின் எல்லையைப் பிள்ளைகளே வரையட்டும், பரப்பைக் கருவியே கணக்கிட்டுத் தரும். சாலை வருவதும், குப்பை மேடு பரவுவதும், கட்டடங்கள் நெருங்குவதும் அவர்கள் வரைந்த கோடுகளிலேயே தெரியும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பிறகு எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதையும் அவர்களே அளக்கட்டும். அளந்த பிறகு, துரைப்பாக்கம் ரேடியல் சாலைக்கு அழைத்துப் போங்கள். அளக்காமல் போனால் அவர்களுக்கு அது பறவைகள் நிற்கும் ஒரு காலி நிலம்தான்.

மெய்நிகர் உலகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பில் ஏரியும் மதகும் கட்டச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் அந்த உலகில் இரண்டு வாளித் தண்ணீரை உரிய முறையில் ஊற்றினால் என்றும் வற்றாத ஊற்று கிடைத்துவிடும். ஏரிப்பாசனம் சொல்லிக்கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "இந்த உலகில் எந்த விதி பொய்?" என்பதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். வகுப்புக்கு உள்ளே மட்டும் இயங்கும் உலகமாக வையுங்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து போகும் பொது சர்வருக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

கண்ணை மூடி மாட்டினால் மெய்நிகர் காட்சி தெரியும் வி.ஆர். கண்ணாடிகளை வேனில் கொண்டுவந்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, எரிமலையையும் திமிங்கலத்தையும் சில நிமிடம் காட்டிவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது பொருட்காட்சி. களப்பயணம் என்று நாட்குறிப்பில் எழுதாதீர்கள். கையேட்டில் எந்த வயதிலிருந்து என்று போட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள். வெகுகாலம் 13 வயதுக்குக் கீழே வேண்டாம் என்றே பல கருவிகளில் அச்சிட்டு வந்தார்கள். பிள்ளைகளை உட்கார வைத்துத்தான் பார்க்கச் செய்ய வேண்டும். வலிப்பு நோய் உள்ள பிள்ளை யார் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். தலை சுற்றுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே கழற்ற வேண்டும். "கொஞ்சம் பொறு, இப்போது முடிந்துவிடும்" என்று சொல்லக் கூடாது. ஒருவர் முகத்திலிருந்து அடுத்தவர் முகத்துக்குத் துடைக்காமல் மாற்றுவதை எத்தனையோ பள்ளிகளில் கண்டித்துவிட்டேன்.

பணம் போட்டு வாங்குமுன் இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தச் சேவைகள் மூடப்படும். 2015இல் ஆரவாரத்தோடு வந்த, வி.ஆர். கண்ணாடியில் களப்பயணம் காட்டும் கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021 ஜூனில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிப் பெட்டி பெட்டியாகக் கண்ணாடி வாங்கிய பள்ளிகள் உண்டு. செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் தீவு வாங்கிய பல்கலைக்கழகங்கள், கல்விக்கான கட்டணச் சலுகை 2011இல் நின்றதும் ஒவ்வொன்றாக வெளியேறின. நீங்கள் தயாரித்த பாடத்தை, வரைபடத்தில் குறித்த இடங்களையும் கோடுகளையும் பதிந்து வைக்கும் கே.எம்.எல். கோப்பாகச் சேமித்து வையுங்கள். அது 2008 முதல் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட வடிவம். ஒரு மென்பொருள் போனாலும் இன்னொன்றில் திறக்கும்.

அடுத்து, மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒன்று. வகுப்பில் கூகுள் எர்த்தைத் திறந்ததும் முதல் வேலையாக, "யார் வீட்டைப் பார்க்கலாம்?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆவலோடு கை தூக்குவார்கள் என்று நினைக்கிறோம். கை தூக்காமல் குனிந்துகொள்ளும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. தகரக் கூரை வீட்டுப் பிள்ளை இருக்கும். குடிசையை இடித்து நகருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட பிள்ளைக்கு, பழைய படத்தில் இன்னும் நிற்கும் தன் தெரு தெரியும். எந்தத் தெரு என்று சொன்னாலே எந்தச் சாதி என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும் ஊர்கள் இருக்கின்றன. பள்ளியிலிருந்து தொடங்குங்கள், பஸ் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டை அவரவர் தனியே தேடிக்கொள்வார்கள்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வார்த்தை. பஸ்ஸுக்குப் பணமில்லை, பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற உங்கள் கவலை எனக்குத் தெரியும். பள்ளியிலிருந்து நடந்தே போகும் தூரத்துக்கு பஸ் வேண்டாம். பெற்றோரின் ஒப்புதல் கடிதம், கூட வர இரண்டு பெற்றோர், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்ற கண்டிப்பு. இரண்டு பாடவேளைக்குள் போய் வந்துவிடலாம். போவதற்கு முந்தைய நாள் உருண்டையைத் திறந்து, மதகு எங்கே, கலங்கல் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிள்ளைகளையே ஊகிக்கச் சொல்லுங்கள்.

நோட்டின் இடப்பக்கத்தில் திரையில் பார்த்ததை எழுதட்டும். முதல் வரி படத்தின் தேதியாக இருக்க வேண்டும், தேதி இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். வலப்பக்கம் அடுத்த நாள் கரையில் நின்று எழுத வேண்டியது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத இடங்களில் பிள்ளைகளே சிவப்பில் கோடிட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். மதிப்பெண்ணை அந்த வரிகளுக்குப் போடுங்கள்.