பதினோரு மணிக்கு இரண்டு பேர்

வேலூர் தோட்டப்பாளையத்தில் என் நண்பர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், வேலை பார்க்க அவர் ஒருவர்தான். மே மாத வெயிலில் காட்பாடியிலிருந்து பஸ் ஏறி, லேப்டாப் பையோடு வந்து நிற்கும் கல்லூரிப் பிள்ளையிடம் "சாயங்காலம் வாப்பா" என்று சொல்ல அவருக்கு மனசு வராது. அதனால்தான் நேரம் பதிவு செய்ய ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். முதல் வாரமே காகிதப்பட்டறை மாணவர் ஒருவரும் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மாவும் ஒன்றாக வந்து நின்றார்கள். "அண்ணா, எனக்கும் பதினோரு மணின்னுதான் மெசேஜ் வந்திருக்கு" என்றார் மாணவர்.

தப்பு நான் எழுதிய நிரலில் இருந்தது. அது எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் புரிந்துகொண்டால், ஆன்லைன் முன்பதிவின் உயிர்நாடியே பிடிபட்டுவிடும்.

பட்டனைத் தட்டியதும், பக்கத்தை இயக்கும் கணினியான சர்வர் இரண்டு வேலை செய்கிறது. 11 மணி காலியா என்று பார்க்கிறது. காலி என்றால் பெயரை எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிசெகண்டு இடைவெளி. மாணவருக்காகப் பார்த்தபோது காலி. அவர் பெயரை எழுதுவதற்குள் அந்த அம்மாவுக்காகவும் பார்த்தாயிற்று, அப்போதும் காலி. பிறகு இருவர் பெயரும் ஏறிவிட்டன. சர்வர் பொய் சொல்லவில்லை. பார்த்த நொடியில் அது உண்மைதான், எழுதும் நொடியில் பழைய செய்தியாகிவிட்டது.

பழைய பஸ் ஸ்டாண்டில் கூட்ட நேரத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலி சீட்டைக் கண்ணால் பார்த்தவர் பத்துப் பேர் இருக்கலாம். துண்டு விழுந்தால்தான் சீட். பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் செய்வதும் இதுதான். பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகக் கட்டிவிடுகிறது. இதற்கு டிரான்சாக்ஷன் என்று பெயர்: முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது. கூடவே, "ஒரு மேஜைக்கு ஒரு நேரத்தில் ஒரு பதிவுதான்" என்ற விதியை டேட்டாபேஸிடமே ஒப்படைத்துவிட்டால், இரண்டாவதாக எழுத வருவதை அதுவே திருப்பி அனுப்பிவிடும். அந்த அம்மாவுக்கு "இந்த நேரம் போய்விட்டது, 11:20 இருக்கிறது" என்று அப்போதே தெரிந்திருக்கும். ஆட்டோவுக்குக் கொடுத்த காசு மிச்சம்.

விமான சீட்டுக்கும் இதே தலைவலி உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960-களில் ஓடவிட்ட சேபர் முன்பதிவு அமைப்பு எதிர்கொண்டதும் இதைத்தான். டிரான்சாக்ஷன் ஆராய்ச்சிக்காக ஜிம் கிரே என்ற கணினி அறிஞருக்கு 1998-ல், கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது கிடைத்தது. அந்த அறிவின் ஒரு துளிதான் தோட்டப்பாளையத்து மேஜைக்கு வந்திருக்கிறது.

ஆனால் சர்வீஸ் கடை விமானம் போல இல்லை. சீட்டுகள் ஒரே அளவு, வேலைகள் அப்படியா? கீபோர்டு பார்க்க 20 நிமிடம், விண்டோஸ் போட ஒரு மணிக்கும் மேல். 10:45-க்குத் தொடங்கி 11:15-க்கு முடியும் பதிவும், 11:00-லிருந்து 11:20 வரையிலான பதிவும் தொடங்கும் நேரத்தில் வேறு வேறு, ஆனாலும் மோதுகின்றன. இதைக் கண்டுபிடிக்க இரண்டே கேள்வி போதும். முதலாவது முடிவதற்குள் இரண்டாவது தொடங்குகிறதா? இரண்டாவது முடிவதற்குள் முதலாவது தொடங்குகிறதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் மோதல். போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸில் இந்த விதியையே அட்டவணைக்குள் எழுதி வைத்துவிடலாம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: மனிதர் நேரம் வேறு, மெஷின் நேரம் வேறு. 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் பேக்கப் எடுத்தால் 5,000 நொடி, அதாவது 83 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க நண்பர் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. ஸ்கிரீன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வர வேண்டுமென்றால் அது நாள் கணக்கு. ஆகவே நேரம் கொடுக்க வேண்டியது பொருளை வாங்கிப் பார்ப்பதற்கு. ரிப்பேர் எப்போது முடியும் என்பதைப் பொருளைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். இதைக் கலந்துவிட்ட முன்பதிவுப் பக்கங்கள்தான் கடைக்காரரைப் பொய்யராக்குகின்றன.

"அப்போ நாள் முழுக்க ஸ்லாட் போட்டு நிரப்பிடலாமா?" என்று நண்பர் கேட்டார். கூடாது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங், அழைப்புகளின் வருகையைக் கணக்கிட்டு 1909-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாடு காட்டுவது இது: ஆட்கள் நினைத்தபோது வந்து, வேலையும் கூடக்குறைய நீளும் ஒற்றை மேஜையில், சராசரி வேலை 20 நிமிடம் என்று வைப்போம். பாதி நேரம் வேலை இருந்தால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 80 சதவீதம் என்றால் 80 நிமிடம். 90 சதவீதம் என்றால் 3 மணி நேரம். பத்து சதவீத வேலைதான் கூடியது. காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. முன்பதிவு வருகையைச் சீராக்கி இதைக் குறைக்கும். ஆனால் ஒரு வேலை இழுத்துக்கொண்டால் அடுத்தடுத்து எல்லோர் நேரமும் தள்ளிப்போவதை அதனால் தடுக்க முடியாது.

அதனால் மதியம் 12 மணிக்கும் 4 மணிக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டை, யாரும் பதிவு செய்ய முடியாதபடி பூட்டி வைத்தோம். போன வாரம் அந்த 4 மணிக்கு, போன் வழியாகப் பதிவு செய்யத் தெரியாத ஒரு பெரியவர் பேத்தியின் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். நண்பர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.