எந்தப் பேட்ச் இன்றைக்கே, எது அடுத்த மாதம்?

மென்பொருள் குறைபாடு ஒன்று செய்தியில் அடிபட்டால், அதை அடைக்கும் திருத்தமான பேட்ச்சைப் பற்றிப் பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு இரண்டு விதமான அழைப்புகள் வரும். “9.8 என்று போட்டிருக்கிறார்களே, நம் கணினிகளுக்கெல்லாம் பேட்ச் போட்டாச்சா?” என்பது ஒன்று. “என் சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது, என் சர்வரை மட்டும் இப்போது ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்” என்பது இன்னொன்று. சில நாள் இரண்டையும் ஒரே பேராசிரியர் கேட்பார்.

2024இல் மட்டும் சுமார் 40,000 குறைபாடுகளுக்கு சிவிஇ என்ற அடையாள எண் கொடுக்கப்பட்டது. வளாகத்திலோ விண்டோஸ், மேக், நாலைந்து வகை லினக்ஸ், யார் வாங்கி வைத்தது என்றே தெரியாத பெட்டிகள் என்று எல்லாமும் உண்டு. எல்லாவற்றையும் உடனே சரிசெய்கிறோம் என்று யாராவது சொன்னால் அவரிடம் கணினிகளின் பட்டியலே இல்லை என்று அர்த்தம். எதற்கு இன்று இரவு கண்விழிப்பது, எதை மாதாந்திர அப்டேட்டோடு சேர்ப்பது என்று பிரிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

அந்த 9.8 என்பது ஒவ்வொரு குறைபாட்டுக்கும் போடப்படும் சிவிஎஸ்எஸ் என்ற ஸ்கோர். 0 முதல் 10 வரை போகும். 7 முதல் ‘அதிகம்’, 9 முதல் ‘மிகக் கடுமை’. பலரும் இதை ஆபத்தின் அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடிப்படை ஸ்கோர் குறைபாட்டின் கடுமையைத்தான் அளக்கிறது, உங்களுக்கு உள்ள ஆபத்தை அல்ல என்று அதைப் பராமரிக்கும் ஃபர்ஸ்ட் அமைப்பே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் கணினி எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது.

2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் என்ற குறைபாடு நினைவிருக்கும். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருள் ஓடிய சர்வரின் நினைவகத்திலிருந்து கடவுச்சொல், ரகசியச் சாவி எல்லாவற்றையும் வெளியில் இருப்பவர் உருவ முடிந்தது. அன்றைய சிவிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பில் அதற்குக் கிடைத்த ஸ்கோர் 5.0, அதாவது ‘நடுத்தரம்’. எதிர்த்திசையில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற லினக்ஸ் கருவியில் யாரோ ஒளித்து வைத்து, 2024 மார்ச்சில் பிடிபட்ட பின்கதவு. அதற்கு முழு 10. ஆனால் அது இருந்தது 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் மட்டும். டெபியன், ரெட்ஹேட் என்ற லினக்ஸ் விநியோகங்களின் நிலையான பதிப்புகள் ஓடும் சர்வர்களுக்கு அவை வந்து சேரவே இல்லை. அன்று நாம் செய்ய வேண்டியிருந்தது பதிப்பு எண்ணைப் பார்ப்பது; லினக்ஸின் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்கள் பழைய எக்ஸ்இசட்டுக்குத் திரும்புவது. 5.0க்கு ஓட வேண்டியிருந்தது, 10க்குப் பெரும்பாலோர் உட்கார்ந்தே இருக்கலாம்.

அதனால் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி வேறு: இதை யாராவது ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்களா?

இதற்கு விடை இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்காவின் சிசா என்ற இணையப் பாதுகாப்பு முகமை 2021 நவம்பரிலிருந்து கேஇவி என்றொரு பட்டியல் வைத்திருக்கிறது. நிஜமாகவே தாக்குதலில் பயன்பட்டதற்கு ஆதாரம் இருக்கும் குறைபாடுகள் மட்டும் அதில் இடம்பெறும்; அந்நாட்டு மத்திய அரசு அலுவலகங்கள் சரிசெய்ய வேண்டிய கெடு தேதியும் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் கெடு நம்மைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் பேச்சுவார்த்தைக்கு நல்ல துணை. “நான் சொல்லவில்லை, பட்டியலில் இருக்கிறது” என்றால் பாதி வாதம் முடிந்துவிடும். அடுத்த 30 நாளில் ஒரு குறைபாடு தாக்குதலுக்குப் பயன்படும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் இபிஎஸ்எஸ் எண்ணும் உண்டு. அதை நான் மாதாந்திர வரிசையை அடுக்கத்தான் பயன்படுத்துகிறேன். நேற்று வெளியான குறைபாட்டுக்கு அந்த எண்ணை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பட்டியலில் இல்லை என்றால் நிம்மதி என்றும் இல்லை. பேட்ச் வெளியான அன்றே பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து, எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் எம்எஸ்17-010 பேட்ச்சை 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அது அடைத்த ஓட்டை வழியாகவே வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பரவியது மே 12. கிட்டத்தட்ட இரண்டு மாதம் கையில் இருந்தது. இப்போதெல்லாம் அவ்வளவு அவகாசம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் தொகுப்பு) குறைபாடு வெளியே வந்தபோது ஒரு வார இறுதிகூடக் கிடைக்கவில்லை.

‘உள்ளூர்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்

பல்கலைக்கழகம் மற்ற அலுவலகங்களிலிருந்து வேறுபடும் இடம் இதுதான்.

2022 ஜனவரியில் வெளியான சிவிஇ-2021-4034ஐ எடுத்துக்கொள்வோம்; பிவன்கிட் என்றால் பலருக்கும் தெரியும். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் பிகேஎக்ஸெக் என்ற சின்ன நிரலில், 2009இலிருந்து யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் நொடியில் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடலாம். ஸ்கோர் 7.8. ஏன் 9.8 இல்லை? ஸ்கோருக்குப் பக்கத்தில் எழுத்தும் புள்ளியுமாக ஒரு நீண்ட வரி இருக்குமே, அதைப் படித்தால் தெரியும். தாக்கும் வழி என்ற இடத்தில் ‘உள்ளூர்’, தேவையான அனுமதி என்ற இடத்தில் ‘குறைவு’. அதாவது முதலில் உள்ளே ஒரு கணக்கு வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இது பெரிய தடை. எல்லாரும் தெரிந்த முகங்கள்.

நம் கதை என்ன? முதலாண்டு மாணவர் சேர்ந்த அன்றே லினக்ஸ் லேப் கணக்கு கொடுத்துவிடுகிறோம். கம்ப்யூட்டிங் கிளஸ்டரின் லாகின் சர்வரில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே இருப்பார்கள். படித்து முடித்துப் போனவர்களின் கணக்குகளும் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கும். அதில் ஒருவர் கடவுச்சொல்லை வேறெங்கோ பறிகொடுத்திருந்தால் போதும். இது கற்பனை இல்லை. 2020 மே மாதம் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவின் பல சூப்பர் கணினிகளைப் பயனர்களுக்கு மூட வேண்டிவந்தது. உள்ளே வந்தவர்கள் கதவை உடைக்கவில்லை. தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் கணக்குகளைத் திருடி, அவற்றோடு நேராக லாகின் செய்து வந்தார்கள்.

ஆகவே பலர் புழங்கும் சர்வர் என்றால், ‘உள்ளூர்’ என்று எழுதியிருக்கும் குறைபாட்டை நான் ‘வலையமைப்பு வழி’ என்றே படிக்கிறேன். அந்த 7.8 எங்கள் லாகின் சர்வரில் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. அதே 7.8 அலுவலக உதவியாளர் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மேசைக் கணினியில் வழக்கமான அப்டேட்டோடு வந்தால் போதும். பிவன்கிட்டில் ஒரு வசதியும் இருந்தது. பேட்ச் வரும்வரை பிகேஎக்ஸெக் கோப்பின் செட்யுஐடி அனுமதியை (யார் இயக்கினாலும் ரூட்டாக ஓடவிடும் குறி) ஒரு கட்டளையில் எடுத்துவிட்டால் ஓட்டை அடைபட்டது. ரீஸ்டார்ட் தேவையில்லை, யார் சிமுலேஷனும் சாகாது. அறிவிப்பு வந்ததும் பேட்ச் இணைப்பைத் தேடும் முன் ‘தற்காலிகத் தீர்வு’ என்ற பத்தியைப் படியுங்கள் என்று புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்வது இதனால்தான்.

அப்புறம், அந்தக் கணினிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வி. 2019 டிசம்பரில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தை ரான்சம்வேர் முடக்கியது. 30 பிட்காயின் கொடுத்துத்தான் மீண்டார்கள். தொடக்கம் அக்டோபரில் ஒரு லேப்டாப்பில் திறக்கப்பட்ட ஃபிஷிங் மெயில். அங்கிருந்து முழு அதிகாரம் வரை தாக்கியவர்கள் ஏறிப்போக உதவியது பாதுகாப்பு அப்டேட் போடாத ஒரு சர்வர். பொதுவெளிக்குத் தெரியாத சர்வர்தானே என்று தள்ளிப்போடப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பெட்டிதான். டொமைன் கன்ட்ரோலர் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்), பேக்கப் சர்வர், மதிப்பெண் தரவுத்தளம், விர்ச்சுவல் கணினிகளை நிர்வகிக்கும் சர்வர் ஆகியவற்றை நான் எப்போதும் ஒரு படி மேலே வைக்கிறேன், ஸ்கோர் என்னவாக இருந்தாலும்.

நேரம் ஒதுக்குவது

நடைமுறையில் இப்படி வரும். இணையத்திலிருந்து எட்டும் கணினி, தாக்குதலும் நடக்கிறது என்றால் அன்றைக்கே. பேட்ச் இல்லையென்றால் சேவையை நிறுத்துவது, அல்லது ஃபயர்வாலில் அடைப்பது. வெளியிலிருந்து வளாக வலையமைப்புக்குள் வர உதவும் விபிஎன் பெட்டி, மெயில் சர்வர், கோப்புப் பரிமாற்ற சர்வர் மூன்றும் இந்த வரிசையில் அடிக்கடி வருபவை. தாக்குதல் இன்னும் இல்லை ஆனால் எட்ட முடியும், அல்லது பலர் புழங்கும் சர்வரில் அனுமதி உயர்த்தும் குறைபாடு என்றால் அதிகபட்சம் அந்த வாரம்; பிவன்கிட் போல நொடியில் ரூட் ஆக்குவது என்றால் அன்றைக்கே. மற்றதெல்லாம் மாதாந்திரச் சுழற்சி. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் வெளியிடுவதை ஒட்டி வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நாள் நினைவிருக்கும். பிரவுசர்களைப் பற்றி விவாதமே வேண்டாம், தானாக அப்டேட் ஆகட்டும்.

ஸ்கோரே இல்லாமல் கேள்வி–பதிலாக இந்த முடிவை எடுக்கும் முறையும் இருக்கிறது. எஸ்எஸ்விசி என்று பெயர். 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. தாக்குதல் நிலை, எட்டும் தூரம், பாதிப்பு என்று கிளை கிளையாகப் போய், ‘தள்ளிவை’ என்பதில் தொடங்கி ‘உடனே செய்’ வரை நாலு முடிவுகளில் ஒன்றில் நிற்கும். புதிய குழு ஒன்றை இதில் பழக்குவது ஸ்கோரை விளக்குவதைவிட எளிது என்பது என் அனுபவம்.

கல்வி ஆண்டின் நாள்காட்டியும் இதில் உட்கார்ந்திருக்கிறது. ஆன்லைன் தேர்வு நடக்கும் காலையில் கற்றல் தளத்தை நிறுத்த முடியாது; ஆனால் தேர்வு முடிந்த அன்று மாலையே நிறுத்தலாம், முன்கூட்டிச் சொன்னால். மாதம் ஒரு முறை இன்ன நேரத்தில் சர்வர் போகும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், ஆய்வாளர்கள் தங்கள் நிரலில் இடைச்சேமிப்பு வைத்துக்கொள்கிறார்கள். அறிவிக்காதபோதுதான் சண்டை. விடுமுறை வேறொரு தொல்லை: லேப் கணினிகள் வாரக்கணக்கில் அணைந்து கிடந்து, செமஸ்டர் தொடங்கும் காலையில் ஒன்றாக எழுந்து, ஒன்றாக அப்டேட் கேட்கும்.

அவசரத்திலும் எல்லாவற்றுக்கும் ஒரே நிமிடத்தில் போடாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. லாக்4ஜேக்கு முதலில் வந்த 2.15.0 போதவில்லை, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாதமே அடுத்தடுத்து வந்தன. முதலில் கணினி மையத்தின் சொந்தக் கணினிகள், அடுத்து ஒரு லேப், அப்புறம் மற்றவை. அவசரம் கூடினால் இந்த இடைவெளிகள் நாளிலிருந்து மணிக்குச் சுருங்கலாம், காணாமல் போகக் கூடாது.

போட்டாச்சு என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். லினக்ஸில் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிறுவப்பட்டிருக்கும், ஓடுவது பழையதாகவே இருக்கும். ரீஸ்டார்ட் ஆகும்வரை ஓட்டை திறந்தே இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்துக்கும் அதே கதை, அதைப் பயன்படுத்தும் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி பூட்டப்பட்ட லேப் கணினிகளில் நடப்பது இன்னும் வேடிக்கை: பகலில் போட்ட பேட்ச் மறுநாள் காலை இருக்காது. பூட்டைத் திறந்து போட வேண்டும், அல்லது லேப் கணினிகளுக்கெல்லாம் நகலெடுக்கும் மூல இமேஜிலேயே சேர்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில், குறைபாடுகளைத் தேடும் ஸ்கேனர் பொய்யாகவும் அலறும். டெபியனும் ரெட்ஹேட்டும் பதிப்பு எண்ணை உயர்த்தாமலே திருத்தத்தைப் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்துவிடும். எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு அது புரியாது. விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்பில் அந்த சிவிஇ எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பதறலாம்.

கடைசியில் பேட்சே போட முடியாத கணினிகள். நுண்ணோக்கியோடும் நிறமாலைமானியோடும் வந்தவை. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் ஆதரவு நின்றது. கருவிக்கு இன்னும் பத்து வருட ஆயுள் இருக்கிறது, அப்டேட் செய்தால் உத்தரவாதம் போகும் என்கிறார் விற்றவர். திட்டிப் பயனில்லை. தனி விலான் (பிரித்து வைத்த வலையமைப்பு), இணையம் கிடையாது, தரவை எடுக்க ஒரே ஒரு சர்வருக்கு மட்டும் வழி, அந்தக் கணினியில் மெயில் திறக்கக் கூடாது. இதோடு ஒரு விலக்குப் படிவம்: எந்தக் கணினி, எந்தக் குறைபாடு, மாற்று ஏற்பாடு என்ன, எந்தத் தேதி வரை. கையெழுத்து கணினி மையத்துடையது அல்ல, துறைத் தலைவருடையது. முடிவுத் தேதி ஓர் ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் மெயில் அவருக்கே போகும்படி அமைத்துவிடுங்கள்.